அப்பா இறந்தும் இவர் ஒரு சொட்டு கண்ணீர் விடலையே அக்கா!

கேள்வி: அக்கா, என் மாமனார் இறந்து மூணு மாசம் ஆச்சு. வீட்டுக்காரர் அழவே இல்ல. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழறார், சரியா தூங்குறதும் இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா அவங்கப்பாவோட பழைய டிவிஎஸ் எக்ஸெல்லைத் துடைச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு நிறுத்தி வைக்கிறார். வித்துடலாம்னு சொன்னதுக்கு அப்படிக் கத்தினார். எங்கம்மா போனப்ப நான் மாசக்கணக்கா அழுதேன். இவருக்குப் பாசமே இல்லையா? (வாசகி, கரூர்)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த வண்டியை விக்கச் சொல்லாதம்மா. அவர் அழறதே அந்த வண்டிகிட்டதான்னு எனக்குத் தோணுது.

நம்ம ஊரு சாவு வீட்டை நெனச்சுப் பாரு. பொம்பளைங்க வாசல்ல கால் வெச்சதுமே கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வெச்சு வாய்விட்டு அழுவாங்க, அழாதவளைத்தான் தப்பா பேசுவாங்க. அதே நேரத்துல மகன் என்ன பண்ணிட்டு இருப்பான், ஃப்ரீசர் பாக்ஸ் வந்துச்சா, பந்தலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா, டாக்டர் சர்டிபிகேட் எங்க, வெளியூர்க்காரங்க கிளம்பிட்டாங்களான்னு ஃபோனும் கையுமா ஓடிட்டு இருப்பான், அப்புறம் மொட்டை போட்டு கொள்ளிக்குடத்தைத் தூக்கித் தோள்ல வெச்சு சுத்த வெச்சு, கொள்ளி வெச்சதும் திரும்பிப் பாக்காம போன்னு அனுப்பிடுவாங்க. இதுல அவர் எப்பம்மா அழுவார்? சின்ன வயசுல முட்டி பேந்து அழுதாலே 'பொட்டப்புள்ள மாதிரி என்னடா'ன்னு கேட்டு வளத்தாச்சு, கோவப்பட்டா மட்டும் யாரும் எதுவும் சொல்லல, அதான் துக்கமும் கோவமா வருது.

1998ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆண் பெண் ரெண்டு பேருக்கும் சோகம், பயம், சந்தோஷம் வர்ற சினிமா காட்சிகளைப் போட்டுக் காட்டினாங்க. பொண்ணுங்க முகத்துல உணர்ச்சி அதிகமா தெரிஞ்சுது, ஆனா உள்ளுக்குள்ள எவ்ளோ ஃபீல் பண்ணீங்கன்னு கேட்டா பெரிய வித்தியாசமே இல்ல. நம்ம பழைய ஆளுங்க இவ்ளோ இறுக்கமாவும் இல்ல. புறநானூறு 245ல ஒரு சேர ராஜா, பொண்டாட்டியை சிதையில வெச்சுட்டு நான் இன்னும் உயிரோட இருக்கேனேன்னு புலம்புறார். அதுக்காக அவரை யாரும் கோழைன்னு சொல்லல.

மனசுல என்ன இருக்கு சொல்லுங்கன்னு எதிர்ல உக்காந்து கேக்காத, வாயை இறுக்கி மூடிக்குவார். வர்ற ஞாயிறு ஒரு பக்கெட் தண்ணியோட போய் நீயும் பக்கத்துல குந்து. "ஏங்க, மாமா இந்த வண்டியை எப்ப வாங்குனாரு"ன்னு கேளு, பேசினா கேட்டுக்கோ, பேசலைன்னா விட்டுடு. அதுக்காக அவர் கத்தறதை எல்லாம் நீ தாங்கிக்கணும்னு நான் சொல்லவே இல்ல, அமைதியா இருக்கிறப்ப இது எனக்கு வலிக்குதுன்னு நேராவே சொல்லிடு.

தூக்கம் இல்லைன்னு எழுதியிருக்கே, அதுதான் எனக்குப் பயம். 2022ல நம்ம நாட்டுல தற்கொலை பண்ணிக்கிட்ட 1,70,924 பேர்ல 1,22,724 பேர் ஆம்பளைங்க. குடி அதிகமானாலோ, நான் இல்லைன்னா நீங்க சமாளிச்சுக்குவீங்கன்னு பேச ஆரம்பிச்சாலோ ஒரு நாள்கூட தள்ளிப் போடாத, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, 14416க்கு அடி, ஃப்ரீதான், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

இன்னொண்ணு, தலைத்திவசத்துக்கு சமையல் ஆர்டர், பத்திரிகை, வண்டி ஏற்பாடு எல்லாத்தையும் உங்க அண்ணன் தம்பிங்ககிட்ட இப்பவே சொல்லி வெச்சுடு. அன்னைக்காவது அவர் ஓடாம அப்பா படத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காரட்டும்.