நாற்பது வளைவுகளுக்குக் கீழே மகள் இருக்கிறாள்

கேள்வி: எனக்கு வயது 49. வால்பாறையில் கணவருடன் வசிக்கிறேன். எஸ்டேட் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்காகப் பொள்ளாச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் சென்ற வேன் ஒரு வளைவில் கட்டுப்பாட்டை இழந்து பாறைச் சுவரில் மோதி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. சிகிச்சை முடிந்து, கண்களை மூடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அதன்பின் ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. கோவையில் வாழும் என் ஒரே மகளுக்கு இன்னும் ஒன்பது வாரத்தில் தலைப்பிரசவம். அங்கேயே மருத்துவமனையில் பதிவு செய்திருக்கிறார்கள். சென்ற மாதம் வளைகாப்புக்குக்கூட விடுப்பு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி, நான் போகவில்லை. பயம் போன பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தே மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஒரேயடியாக இறங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?
— வாசகி, வால்பாறை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மாத்திரை வேண்டாம். அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், பயம் போன பிறகு கிளம்பலாம் என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியைப் பற்றிப் பேச வேண்டும். உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்த எண்ணம்தான் என்று நினைக்கிறேன். பயணத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் மனத்துக்கு உடனடியாக ஒரு நிம்மதி கிடைக்கிறது. ‘போகாததால்தான் தப்பித்தோம்’ என்று அந்த நிம்மதியிலிருந்து மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சற்று வளர்ந்திருக்கிறது. வீட்டில் காத்திருந்து இந்தப் பயத்தைப் போக்க முடியாது. அது குறையும் இடம் அந்தச் சாலையேதான்.

அதற்காக 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே நாளில் கடக்குமாறு சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களில், அச்சம் தரும் ஒன்றை மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சந்திக்கச் செய்யும் முறையை வகுத்தார். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சைகளைத்தான் இன்றும் இத்தகைய அச்சங்களுக்கு முதன்மையாகப் பரிந்துரைக்கிறோம். உங்கள் சாலையிலோ அந்தப் படிகள் ஏற்கெனவே எண்ணிட்டு நடப்பட்டிருக்கின்றன. வளைவுகளின் எண்கள் அடிவாரத்து ஆழியாறு பக்கத்திலிருந்து தொடங்குவதால், நீங்கள் இறங்க இறங்க எண் குறைந்துகொண்டே வரும்.

முதல் வாரத்தில் பகல் பேருந்தில் பக்கத்து ஊரான ரொட்டிக்கடை வரை மட்டும் சென்று திரும்புங்கள். அந்தத் தூரம் உங்களுக்குச் சலிப்புத் தட்டும்வரை, மூன்று நான்கு நாள்கள்கூட, திரும்பத் திரும்பச் செல்லுங்கள். பிறகு அட்டகட்டி, அதன்பின் ஆழியாறு அணை கீழே விரிந்து தெரியும் ஒன்பதாம் வளைவு, அதன்பின் ஆழியாறு என்று எல்லையைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொள்ளலாம். தொடக்கத்தில் மழையும் பனிமூட்டமும் இல்லாத முற்பகலாகத் தேர்ந்தெடுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் இறங்கித் திரும்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மனம் மறுபடியும் அதே பழைய பாடத்தைத்தான் படிக்கும். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அலை சற்றுத் தணியும்வரை அதிலேயே அமர்ந்திருந்து, பிறகு திரும்பினாலும் அது முன்னேற்றமே.

மூச்சு அடைப்பதும் விரல்கள் மரத்துப்போவதும் உங்களை மிகவும் மிரட்டியிருக்கும் என்று அறிவேன். பயத்தில் நாம் நம்மை அறியாமல் வேகமாக மூச்சு விடுகிறோம். அப்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் விரல்கள் மரத்து, தலை கிறுகிறுத்து, காற்றே போதாதது போன்ற உணர்வு எழுகிறது. இன்னும் ஆழமாக மூச்சை இழுத்தால் அது அதிகமாகுமே தவிரக் குறையாது. இயல்பாக உள்ளிழுத்து, அதைவிட நீண்ட நேரம் எடுத்து மெதுவாக வெளியே விடுங்கள். வீட்டில் தினமும் பத்து நிமிடம் பழகியிருந்தால்தான் வளைவில் கைகொடுக்கும். உங்கள் வயதில் படபடப்பு முழுவதையும் பயத்தின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது என்பதால், முதல் பயணத்துக்கு முன் உள்ளூர் மருத்துவரிடம் ஒருமுறை இரத்த அழுத்தமும் இசிஜியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் முடிந்தவரை முன்னிருக்கையில் அமர்ந்து, கண்களைத் திறந்து, சாலையைத் தொலைவுவரை பாருங்கள். கண்களை மூடிக்கொண்டால் உடல் உணரும் திருப்பங்களைக் கண்ணால் சரிபார்க்க முடியாமல் பலருக்குக் குமட்டல் கூடிவிடுகிறது. அந்தக் குமட்டலையும் பயம் என்றே எண்ணிக்கொள்கிறோம். இறக்கத்தில் எழும் எஞ்சின் உறுமலைக் கேட்டு வண்டி கைமீறிப் போகிறது என்று நீங்கள் நடுங்கியிருக்கலாம். உண்மையில் அது காப்பாற்றும் ஓசை. பிரேக்கையே தொடர்ந்து அழுத்தி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும் என்பதால், எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் வழக்கம். வேகத்தை எஞ்சினே பிடித்து நிறுத்துவதன் சத்தம்தான் அந்த உறுமல். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதும் விதி; உங்கள் ஓட்டுநர் வளைவில் தயங்கி நிற்பது பெரும்பாலும் அதற்காகத்தான். அனுபவமுள்ள, நிதானமான ஓட்டுநரைக் கேட்டுப் பெறுவதில் கூச்சமே வேண்டாம். விபத்தைக் கண்ட ஒருவர் அப்படிக் கேட்பது முழுக்க நியாயமானது.

இப்போது மாத்திரை. மயக்கத்தில் கடந்த வளைவுகளை நீங்கள் கடந்ததாக மனம் ஒப்புக்கொள்ளாது. திரும்பி ஏறும்போது பயம் அப்படியே காத்திருக்கும். தவிர, மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரை ஆபத்தானது. பிரசவத்தில் துணை நிற்கப் போகிறவருக்குத் தெளிவும் வேண்டும். உங்கள் கணவர் அக்கறையால்தான் சொல்லியிருக்கிறார். அந்த அக்கறையை அவர் வேறு விதமாகக் காட்டலாம். ‘ஒன்றும் ஆகாது’ என்று திரும்பத் திரும்பச் சொல்லாமல், ஒவ்வொரு சிறு பயணத்திலும் அருகில் அமர்ந்து, வளைவின் எண்ணை மட்டும் உங்களோடு சேர்ந்து வாசித்தால் போதும். நான் சந்தித்த குடும்பங்களில் அவசரப்படுத்தாத ஒரு துணை செய்த உதவியை எந்த அறிவுரையும் செய்து நான் பார்த்ததில்லை.

விபத்துக் காட்சி கனவில் திரும்பத் திரும்ப வருகிறதா, பகலிலும் அது கண்முன் மீண்டும் நடப்பதுபோல் தோன்றுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியிருந்தால் தனியாக முயலாமல், மனநல மருத்துவரின் வழிகாட்டுதலோடு தொடங்குங்கள். அதற்கும் மலை இறங்க வேண்டுமே என்று தயங்க வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நாள் கணக்கையும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். 37 வாரம் நிறைந்தபின் எந்த நாளிலும் பிரசவ வலி காணலாம் என்பதால், குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே நீங்கள் கோவையில் இருப்பது நல்லது. அப்படியானால் உங்கள் கையில் இருப்பவை ஆறு வாரங்கள். படிப்படியாக இறங்கிப் பழகப் பலருக்கு அது போதுமானதாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். நள்ளிரவில் தொலைபேசி வந்து, அந்தப் பதற்றத்தோடு முதன்முறையாக இறங்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. ஒருவேளை ஆறு வாரத்தில் முழுமையாகப் பழகாவிட்டாலும், மிச்சமிருக்கும் பயத்தோடேயே பகலில் கிளம்புங்கள். வழியில் மூன்று நான்கு இடங்களில் நிறுத்திச் செல்வது என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது வளைகாப்பைப் பற்றிய வரி. வளையல் அடுக்கிய நாளில் அம்மா வராததற்கு உங்கள் மகள் தன் மனத்துக்குள் என்ன காரணம் தேடிக்கொண்டிருப்பாளோ தெரியாது. உண்மையான காரணம் அவள் கற்பனை செய்யக்கூடிய எதையும்விட நிச்சயம் மென்மையானது. ரொட்டிக்கடைக்குப் பேருந்து ஏறுவதற்கு முந்தைய மாலை அவளை அழைத்து, விடுப்பு கிடைத்திருந்தது என்பதையும், சாலைதான் தடுத்தது என்பதையும், நாளை காலை எதுவரை போய்த் திரும்பப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் எந்த எண் வரை இறங்கினீர்கள் என்று அவளுக்குத் தெரிவியுங்கள்.