நாஜி ஜெர்மனியின் சினிமா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: ஹிட்லர் காலத்துப் படங்கள் என்றாலே பேரணியும் கொடியும்தானே சார்?

ப: இல்லை. 1933 முதல் 1945 வரை ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேல் கதைப்படங்கள் வந்தன. அதில் நேரடிப் பிரச்சாரம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் காதல், சிரிப்பு, பாட்டு. மேடைப் பேச்சைக் கேட்க யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள் என்பது பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு நன்றாகவே தெரியும். 1942இல் வந்த 'டி க்ரோஸே லீபே' (மகத்தான காதல்) படத்தில் ஒரு விமானப்படை வீரனும் பாடகியும் காதலிக்கிறார்கள். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் போர்முனை அவனை அழைத்துக்கொள்கிறது; அவள் காத்திருக்கப் பழகுகிறாள். இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், பேரணிப் படங்களைவிட இதுதான் ஆட்சிக்கு அதிகம் உழைத்தது.

கே: யூத வெறுப்புப் படங்களை மக்கள் விரும்பிப் பார்த்தார்களா?

ப: 1940இல் இரண்டு வந்தன. 'நித்திய யூதன்' ஆவணப்பட பாணி. எலிக்கூட்டத்தையும் யூதர்களையும் அடுத்தடுத்துக் காட்டியது. தியேட்டரில் எடுபடவில்லை. ஃபைட் ஹார்லான் இயக்கிய 'யூட் ஸ்யூஸ்' நட்சத்திரங்களும் கண்ணீரும் நிறைந்த சரித்திரக் கதை. சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். 1738இல் தூக்கிலிடப்பட்ட ஓப்பன்ஹைமர் என்ற யூத நிதி ஆலோசகரை எடுத்துக்கொண்டு, அவர் செய்யாத பாலியல் வன்முறையை அவர்மேல் ஏற்றியது படம். நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையினரும் போலீஸாரும் இதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களின் தலைவர் ஹிம்லர் உத்தரவே போட்டார். அடுத்து அந்தக் கைகள் என்ன செய்தன என்று நமக்குத் தெரியும்.

கே: ஹார்லானுக்குத் தண்டனை கிடைத்ததா?

ப: இல்லை. வழக்கு நடந்தது, இரண்டு முறையும் விடுதலை. 1950களிலும் படம் எடுத்தார். எனக்கு இது ஆறவே இல்லை.

கே: 'கோல்பெர்க்' படத்துக்காகப் போர்வீரர்களையே நடிக்க அனுப்பினார்களாமே?

ப: அனுப்பினார்கள். 1,87,000 பேர் என்று, இதையும் இயக்கிய ஹார்லான் பிற்பாடு எழுதியதைத்தான் ஆய்வாளர்கள் நம்புவதில்லை. ரஷ்யாவின் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை தோற்றதற்குப் பிறகு, 1943 ஜூனில் கோயபல்ஸ் உத்தரவிட்ட வண்ணப்படம் அது. நெப்போலியன் படையை எதிர்த்துச் சாதாரண ஊர்ஜனங்களே நின்ற கோல்பெர்க் நகரத்தின் 1807 முற்றுகைதான் கதை. செலவு சுமார் 80 லட்சம் ரைஷ்மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்). எடுத்து முடித்ததும், சாவைக் கோரமாகக் காட்டிய காட்சிகளை வெட்டச் சொன்னார் கோயபல்ஸ். சாகத் துணிய வேண்டும், சாவு எப்படியிருக்கும் என்று மட்டும் தெரியக்கூடாது! 1945 ஜனவரி 30 அன்று பெர்லினிலும், ஜெர்மன் படை முற்றுகையில் சிக்கியிருந்த பிரெஞ்சுத் துறைமுகம் லா ரோஷெலிலும் முதல் காட்சி. லா ரோஷெலுக்குப் பிரதியைப் பாராசூட்டில் இறக்கினார்கள். மார்ச்சில் நிஜ கோல்பெர்க் நகரமே வீழ்ந்தது. அந்தச் செய்தி ராணுவ அறிக்கையில் வராமல் பார்த்துக்கொண்டார் கோயபல்ஸ்.

கே: இதையெல்லாம் இப்போது பார்க்க முடியுமா? எதில் தொடங்கலாம் அண்ணா?

ப: ஜெர்மனியில் சுமார் நாற்பது படங்களுக்கு இன்றும் கட்டுப்பாடு உண்டு. அறிமுக உரையும் கலந்துரையாடலும் வைத்துத்தான் திரையிடலாம். 'கோல்பெர்க்' கிடைத்தால் பாருங்கள். அப்புறம் உடனே பெர்ன்ஹார்ட் விக்கி இயக்கிய 'டி ப்ரூக்கே' (பாலம், 1959). போரின் கடைசி நாட்களில், எப்படியும் தகர்க்கப்படப்போகிற ஒரு பாலத்தைப் பள்ளிப் பையன்கள் ஏழு பேர் காக்கிறார்கள்; ஒருவன்தான் உயிரோடு மிஞ்சுகிறான். கோயபல்ஸ் வெட்டச் சொன்னது எதுவோ, அது இந்தப் படத்தில் இருக்கிறது.