ராப்புக்கு நடுவே சாக்ஸபோன்

கேள்வி: நண்பன் ராப் பாடுவான், நான் சாக்ஸபோன். ஜாஸும் ஹிப்ஹாப்பும் கலந்து பேண்ட் ஆரம்பித்தால் சென்னையில் எடுபடுமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: தாராளமாக. 2018-இல் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவையும் ராப்பையும் கலந்து அடித்தபோது கூட்டம் கொஞ்சமா என்ன! உங்கள் கலவையும் புதிதல்ல. 1991-லேயே எ டிரைப் கால்டு குவெஸ்ட் என்ற அமெரிக்க ஹிப்ஹாப் குழுவின் ஆல்பத்தில் ஜாஸ் மேதை ரான் கார்ட்டர் பேஸ் வாசித்துவிட்டார். முதலில் நல்ல டிரம்மரையும் பேஸ் கிட்டார்காரரையும் பிடியுங்கள், ஏனென்றால் அந்த இரண்டு பேரும் பீட்டை அசையாமல் பிடித்தால்தான் மேலே நீங்கள் இஷ்டத்துக்கு வாசிக்க முடியும். அப்புறம், நண்பர் பாடும்போது சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள் (கஷ்டம்தான்!), அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு சுரம் போதும். பேண்டுக்குப் பெயர் வைக்கும் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.