மறைந்த வானொலிக் கலைஞர்களில் உங்களால் மறக்க முடியாதவர் யார்? ஏன்?

தென்கச்சி கோ. சுவாமிநாதன். யோசிக்கவே வேண்டியதில்லை.

2009 செப்டம்பர் 16 அன்று காலமானார். சென்னை வானொலியில் காலையில் 'இன்று ஒரு தகவல்' சொன்னவர் என்றால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதற்கு மேல் அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சில நிமிட நிகழ்ச்சிதான். உடம்பைப் பற்றியோ மனசைப் பற்றியோ ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு நாலு தகவல் சொல்வார். முடிக்கும்போது ஒரு குட்டிக் கதை. தகவலுக்கும் கதைக்கும் சம்பந்தம் இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். கடைசி வரியைச் சொன்னதும் அவ்வளவுதான், நிகழ்ச்சி முடிந்துவிடும். நாம் சிரிக்க ஆரம்பிக்கும்போது மனுஷன் போயிருப்பார்.

எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் சட்னி அரைக்கக் கூடாது. மிக்ஸி ஓடினால் மீடியம் வேவ் கரகரவென்று இழுக்கும், ஒன்றும் கேட்காது. "கொஞ்சம் நிறுத்து, சாமிநாதன் வந்துட்டார்" என்று கொல்லைப்புறத்திலிருந்து அப்பா குரல் கொடுப்பார். அவர் அங்கே சுவரில் மாட்டிய கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருப்பார். கதை முடியப்போகிறது என்று தெரிந்ததும் பிளேடைக் கன்னத்திலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். சிரிக்கும்போது கீறிவிடும் என்ற பயம். நுரை முகத்தோடு அவர் காத்து நிற்பதே எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அன்று நாங்கள் கேட்டுப் பழகிய குரல்கள் வேறு மாதிரி. டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயண்ஸ்வாமி ஒவ்வொரு எழுத்தையும் அளந்து நிறுத்துவார். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா பேசினால் மடை திறந்த வெள்ளம், மூச்சு எங்கே விடுகிறார் என்றே தெரியாது. இரண்டு பேரையும் ரசித்தோம். ஆனால் இவர் குரலில் அந்தக் கம்பீரமும் கிடையாது, வேகமும் கிடையாது. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது போல ஆரம்பிப்பார். இப்படி ஒருவரை எப்படி மைக் முன்னால் விட்டார்கள் என்று முதலில் யாருக்கும் தோன்றும்.

அதற்குக் காரணம் அவர் வந்த வழி என்பது என் கணிப்பு. அரியலூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர். வேளாண்மை படித்தவர், சொந்த ஊரில் விவசாயமும் பார்த்தவர். எழுபதுகளின் கடைசியில் திருநெல்வேலி வானொலியில் சேர்ந்து, பிறகு சென்னைக்கு வந்தார். வானொலியில் விவசாயிகளோடு பேசுவது தனிக் கலை. அறுபதுகளில் திருச்சி வானொலி சொன்னதைக் கேட்டுத் தஞ்சாவூர்க்காரர்கள் ஏ.டி.டி. 27 ரகத்தைப் போட்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த அளவுக்கு ஒருவரை நம்பவைக்க வேண்டுமென்றால் மேடைப் பேச்சு உதவாது. அவர்களில் ஒருவராகப் பேச வேண்டும். அது இவருக்கு இயல்பாகவே இருந்தது.

அப்புறம் அந்தச் சிரிக்காத குணம். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து நான் கேட்டதே இல்லை. 'கேட்டானாம்', 'சொன்னானாம்' என்று, தனக்கு இதில் சம்பந்தமே இல்லாத மாதிரி சொல்லிக்கொண்டே போவார். பிறகு சன் டிவியில் 'இந்த நாள் இனிய நாள்' நிகழ்ச்சியில் வந்தபோது முகத்தைப் பார்த்தோம். அங்கேயும் ஒரு அசைவு கிடையாது!

சரி, எல்லாமே புதுச் சரக்கா என்றால் இல்லை. முல்லா கதைகள், பழைய பத்திரிகைத் துணுக்குகள் எல்லாம் நிறைய இருக்கும். சில கதைகளின் முடிவு பாதியிலேயே தெரிந்துவிடும். 'இன்று ஒரு தகவல்' புத்தகமாகப் பல பாகங்கள் வந்திருக்கிறது. வாங்கிப் படித்தால் 'இதுக்கா அப்படிச் சிரித்தோம்' என்றுகூடத் தோன்றும். அச்சில் அந்த இடைவெளி வராது. கடைசி வரிக்கு முன்னால் ஒரு நொடி தாமதிப்பாரே, பாதி வித்தை அதில்தான்.

அவர் இறந்த செய்தியை அப்பாவுக்கு நான்தான் போனில் சொன்னேன். "அடடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பல் டாக்டர் கதை ஞாபகம் இருக்கா?" என்று அவரைப் போலவே இழுத்து இழுத்துச் சொல்ல ஆரம்பித்தார். கடைசி வரிக்கு முன்னாலேயே சிரித்துவிட்டார். கதை கெட்டுப்போனது.

யூடியூபில் பழைய பதிவுகள் கிடைக்கின்றன. சிலர் பின்னணி இசை சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். வெறும் குரல் மட்டும் இருப்பதாகப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் கேளுங்கள். பத்துப் பதினைந்தை வரிசையாகப் போட்டால் அலுத்துவிடும்.