கப்பலிலேயே அடுத்த பயணத்துக்கு அட்வான்ஸ்: கட்டலாமா, வேண்டாமா?

(வாசகர் கேள்வி – பதில்)

நானும் கணவரும் சிங்கப்பூரிலிருந்து நாலு ராத்திரி சொகுசுக் கப்பலில் போகிறோம். முன்பே போய்வந்த என் நாத்தனார், “கப்பலிலேயே அடுத்த பயணத்துக்கு அட்வான்ஸ் கட்டிவிடு, செலவுக்குப் பணம் தருவார்கள்” என்கிறார். தேதியே தெரியாமல் எதற்குக் கட்டுவது? ஏமாற்று வேலையா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

ஏமாற்று இல்லை, வியாபாரம். பயணத்தில் மனசு குளிர்ந்திருக்கும்போதே அடுத்த டிக்கெட்டையும் விற்றுவிடப் பார்க்கிறார்கள். அதற்கு அவர்கள் தரும் கமிஷன்தான் நாத்தனார் சொன்ன பணம்.

இதில் இரண்டு வழி உண்டு. கப்பல், தேதி, கேபின் எல்லாம் குறித்து அங்கேயே முன்பதிவு செய்வது ஒன்று. ராயல் கரீபியன் கப்பல்களில் ‘நெக்ஸ்ட்க்ரூஸ்’ என்ற மேசை இதற்காகவே இருக்கிறது. தேதி எதுவும் சொல்லாமல் ஒரு தொகையை மட்டும் கட்டி வைப்பது இன்னொன்று. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா கம்பெனிகளில் இது தலைக்கு 100 டாலர். பிரின்சஸில் 2 ஆண்டுக்குள்ளும் ஹாலந்து அமெரிக்காவில் 4 ஆண்டுக்குள்ளும் பயன்படுத்த வேண்டும் என்பது நெடுநாளாக இருந்துவரும் விதி. பயன்படுத்தாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். நார்வீஜியனின் ‘க்ரூஸ்நெக்ஸ்ட்’ வேறு மாதிரி. அது ரொக்கமாகத் திரும்பாது, டிக்கெட்டில்தான் கழியும். விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள் என்பதால், கட்டும் நாளில் கையில் தரும் தாளில் இருப்பதுதான் செல்லும்.

லாபம் இரண்டு. ஊரிலிருந்து பதிவு செய்தால் கேட்கும் அட்வான்ஸைவிட இது குறைவாக இருக்கும். அடுத்த பயணத்தில் உங்கள் கப்பல் கணக்கில் (கப்பலுக்குள் செய்யும் செலவெல்லாம் ஏறும் கணக்கு) ஒரு தொகை வரவு வைக்கப்படும். இதைத்தான் ஆன்போர்டு கிரெடிட் என்கிறார்கள். எத்தனை ராத்திரி, உள் கேபினா பால்கனியா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். மூன்று, நான்கு ராத்திரிப் பயணத்துக்குச் சொற்பம்தான், சில சமயம் ஒன்றுமே கிடையாது. ஏழு ராத்திரிக்கு மேல்தான் கண்ணுக்குத் தெரிகிற தொகை வரும்.

‘பணம் திரும்பக் கிடைக்கும்’ என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இருவருக்கும் 200 டாலரை இந்திய கிரெடிட் கார்டில் தேய்க்கிறீர்கள் என்று வையுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் 7 டாலர், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1.26 டாலர். ஆக 8.26 டாலர் போகிறது. பின்னால் அட்வான்ஸ் திரும்பி வந்தாலும் இந்தக் கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. அன்றைய டாலர் விலையும் வேறாக இருக்கும். இரண்டு வருடத்துக்குள் அதே கம்பெனியில் ஒரு நீண்ட பயணம் போவது ஏறக்குறைய நிச்சயம் என்றால் கட்டுங்கள். “எதற்கும் இருக்கட்டும்” என்று கட்டுவது வேண்டாம்.

அந்த மேசையில் போய் என்ன கேட்க வேண்டும்? ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

கடைசி நாள் போகாதீர்கள். அன்று வரிசை நீளும், அவசரமும் இருக்கும். கரை தொடாமல் கடலிலேயே ஓடும் முதல் நாளில் நேரம் குறித்துக்கொண்டு போனால் நிதானமாகப் பேசலாம். இந்த நான்கையும் கேட்டு, பதிலைத் தாளிலோ மின்னஞ்சலிலோ வாங்குங்கள்: அட்வான்ஸ் திரும்புமா? எந்தத் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும், அல்லது எந்தத் தேதிக்குள் கப்பல் ஏறியே ஆக வேண்டும்? (இரண்டும் ஒன்றல்ல. பலர் ஏமாறுவது இங்கேதான்.) தேதியை மாற்றினால் அபராதம் எவ்வளவு? இந்தியாவிலிருந்து பதிவு செய்தாலும் இந்தச் சலுகை செல்லுமா?

மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ராயல் கரீபியனில் ‘திரும்பாத அட்வான்ஸ்’ கட்டணத்தில் பதிவு செய்துவிட்டுக் கப்பலையோ தேதியையோ மாற்றினால் தலைக்கு 100 டாலர் பிடிப்பார்கள். அதில் கட்டணம் கொஞ்சம் குறைவாகத் தெரிவதால், மேசையில் முதலில் அதைத்தான் திரையில் காட்டுவார்கள். பிள்ளைகளின் தேர்வு அட்டவணை தெரியாதவர்கள் திரும்பும் அட்வான்ஸையே கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலும் உண்டு. அது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் சிலருக்குக் காலியாக இருக்கும். கப்பல் கம்பெனியின் உறுப்பினர் கணக்கிலோ ஏஜென்ட் வெறும் ‘எஸ்’ என்று போட்டிருப்பார். ஒருவருக்கே இரண்டு கணக்கு உருவாகி, அட்வான்ஸ் ஒன்றிலும் அடுத்த முன்பதிவு இன்னொன்றிலும் உட்கார்ந்துவிடும். பிறகு தொலைபேசியில் கேட்டால், “உங்கள் பெயரில் எதுவும் இல்லையே” என்பார்கள். மேசையை விட்டு எழுவதற்குமுன், திரையில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர் எண்ணை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் எங்களுக்கு டிக்கெட் போடும் ஏஜென்ட், “கப்பலில் பதிவு செய்யாதீர்கள், நானே அதைவிட அதிகம் தருகிறேன்” என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, அரியாங்குப்பம்

இரண்டையும் வாங்க வழியிருக்கிறது. கப்பலில் செய்த முன்பதிவை ஏஜென்ட் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் பல கம்பெனிகள் விடுகின்றன. அதற்குக் கெடு உண்டு. பொதுவாக 30 முதல் 60 நாள், அதுவும் முழுப் பணம் கட்டுவதற்கு முன்பு. அப்போது கம்பெனி தரும் கிரெடிட் அப்படியே இருக்கும், ஏஜென்ட்டுக்கும் கமிஷன் கிடைக்கும். அந்தக் கமிஷனில் உங்களுக்கு என்ன தருவார் என்பதை மாற்றுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். மாற்றிய பிறகு பேச்சு எடுபடாது. முன்பதிவு அவர் கைக்குப் போய்விட்டால் தேதி மாற்றம், கேபின் மாற்றம் எல்லாம் அவர் வழியாகத்தான் நடக்கும். கூப்பிட்டால் போனை எடுக்கிறவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கில் 75 டாலர் கிரெடிட் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. பணமாக எடுக்க முடியுமா? எதற்கெல்லாம் செலவு செய்யலாம்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

கிரெடிட்டில் ‘திரும்பக் கிடைப்பது’, ‘கிடைக்காதது’ என இரண்டு ரகம். சலுகையாக வருவது பெரும்பாலும் இரண்டாவது ரகம். கப்பலை விட்டு இறங்கும் காலையில் மிச்சம் இருந்தால் அது போயிற்று. கணக்கில் இரண்டும் இருந்தால் பெரும்பாலான கம்பெனிகள் திரும்பாததைத்தான் முதலில் கழிக்கும். பயணத்தின் முதல் நாளே செயலியிலோ வரவேற்பு மேசையிலோ உங்களுடையது எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள்.

செலவழிக்க நல்ல இடம் டிப்ஸ்தான். கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும், ஆனாலும் அதுதான் சரி. கப்பலில் டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறும். ராயல் கரீபியனில் 2024 நவம்பரில் இதைச் சாதாரண கேபினுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர் ஆக்கினார்கள். இருவர், நாலு ராத்திரி என்றால் 148 டாலர். அதில் 75 கழிந்தால் நீங்கள் கையிலிருந்து கட்டுவது 73. எப்படியும் போகவேண்டிய பணம் மிச்சமாகிறது. அதே 75-ஐ நம்பி பாரில் உட்கார்ந்தால், 12 டாலர் பானத்துக்கு 18 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து 14.16 ஆகும். ஆறாவது கிளாஸில் கிரெடிட் தாண்டிவிடும்.

எனவே கிரெடிட் வரப்போகிறது என்று தெரிந்தால், டிப்ஸை ஊரிலேயே ஏஜென்ட்டிடம் முன்கூட்டிக் கட்டாதீர்கள். வைஃபை, பானப் பொதி (பேக்கேஜ்), தனி உணவகம் போன்றவை பெரும்பாலும் கப்பல் ஏறுமுன் வாங்கினால்தான் மலிவு. கிரெடிட்டோ பெரும்பாலும் ஏறிய பிறகுதான் செல்லும். ஆகவே மலிவாகக் கிடைப்பதை முன்பே கார்டில் வாங்குங்கள். எங்கே கட்டினாலும் ஒரே விலையாக இருக்கும் டிப்ஸ், சலவை போன்றவற்றைக் கிரெடிட்டுக்கு விட்டுவிடுங்கள்.

மிச்சத்தைக் கடைசி நாள் காலையில் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலின் வரியில்லாக் கடைகளைப் பூட்டிவிடுவார்கள். முந்தின நாள் மாலைக்குள் கணக்கைப் பார்த்து முடியுங்கள். கப்பல் கணக்கோடு டெபிட் கார்டையும் இணைக்காதீர்கள். தினமும் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். கிரெடிட் போக மீதியைத்தான் எடுப்பார்கள் என்றாலும், முடக்கிய பணம் வங்கியில் விடுபடப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டில் இந்தத் தலைவலி இல்லை. கார்டு தேய்க்கும்போது ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலர் என்று சொல்லுங்கள்.

கணவன், மனைவி, 15, 12 வயதில் இரண்டு பிள்ளைகள். ஒரே கேபினா, இரண்டு கேபினா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

கிரெடிட் பெரும்பாலும் கேபினுக்கு இவ்வளவு என்றோ, முதல் இரண்டு பேருக்கு மட்டும் என்றோதான் வரும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கிடையாது. இரண்டு கேபின் எடுத்தால் இரண்டு கிரெடிட். முன்பதிவில் கேபினுக்கு ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று போட்டு, உள்ளே போய் இஷ்டம்போல் படுத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றாம், நான்காம் ஆளுக்குக் கட்டணமே குறைவு என்பதால், கிரெடிட்டுக்காக மட்டும் இரண்டு கேபின் எடுத்தால் கை நஷ்டம். இரண்டு விலையையும் எழுதி வாங்கிக் கூட்டிப் பாருங்கள்.

பதிவு செய்த பிறகு அதே கேபினின் விலை 120 டாலர் குறைந்திருக்கிறது. கேட்டால் குறைப்பார்களா?
– வாசகர், சிதம்பரம்

முழுப் பணம் கட்டும் கெடுவுக்கு முன்னால் என்றால் பெரும்பாலும் குறைப்பார்கள். அந்தக் கெடு பயணத்துக்குப் பொதுவாக 75 முதல் 120 நாள் முன்பு வரும். ஆனால் புது விலைக்கு மாறினால் பழைய விலையோடு வந்த சலுகை போய்விடும். உங்களுக்கு விளம்பரச் சலுகையாக 75 டாலர், கப்பலில் பதிவு செய்ததற்காக 50 டாலர் கிரெடிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே முன்பதிவு எண்ணில் விலையை மட்டும் மாற்றினால் 75 போகும், 50 பெரும்பாலும் நிற்கும். நிகர லாபம் 45. ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட்டால் இரண்டும் போய் 5 டாலர் நஷ்டம். “ரத்து வேண்டாம், இதே எண்ணில் விலையை மாற்றுங்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். புது ரசீதில் கிரெடிட் வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு போனை வையுங்கள்.

கம்பெனியே பயணத்தை ரத்து செய்து ‘எதிர்காலப் பயணக் கிரெடிட்’ தந்திருக்கிறது. இதுவும் ஆன்போர்டு கிரெடிட்டும் ஒன்றா?
– வாசகர், நெய்வேலி

இல்லை. இது டிக்கெட்டில் கழிவது. கப்பலுக்குள் ஒரு காபிகூட இதில் வாங்க முடியாது. டிக்கெட்டிலும் அடிப்படைக் கட்டணத்தில்தான் பொதுவாகக் கழியும். வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் தனி. 2020-இல் கொரோனாவால் பயணங்கள் நின்றபோது சில கம்பெனிகள் கட்டியதில் 125 சதவீதம் வரை இப்படிக் கொடுத்தன. மலிவான பயணத்தில் போட்டால் மீதி உங்களுக்கு வருமா, வீணாகுமா என்று முதலில் கேளுங்கள். ரொக்கமாகத் திருப்பித் தரும் வாய்ப்பையும் கம்பெனி கொடுத்திருந்தால் ரொக்கத்தையே வாங்குங்கள். கிரெடிட்டுக்குக் காலாவதி உண்டு.

அமெரிக்காவில் இருக்கும் மகன், கப்பல் கம்பெனி பங்கு வாங்கினால் ஒவ்வொரு பயணத்துக்கும் கிரெடிட் கிடைக்கும் என்கிறான். உண்மையா?
– வாசகர், வில்லியனூர்

உண்மைதான். கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் மூன்றிலும் 100 பங்கு வைத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. கார்னிவலில் 6 நாள் வரை 50 டாலர், 7 முதல் 13 நாள் வரை 100, 14 நாளும் அதற்கு மேலும் 250, ஒரு கேபினுக்கு. பங்கு இருப்பதற்கான ஆதாரத்தோடு பயணத்துக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. வருடத்துக்கு இரண்டு முறை போகிறவர், எப்படியும் அந்தப் பங்கை வைத்திருப்பவர் என்றால் சரி. கிரெடிட்டுக்காகவே வாங்கினால், பங்கு விலை ஒரு டாலர் சரிந்தாலே அந்த 100 டாலர் காணாமல் போகும்.

2025 ஜூலையில் புதுச்சேரிக்கு வந்த கார்டிலியா கப்பலில் இந்தச் சலுகையெல்லாம் உண்டா? அது முன்பு ராயல் கரீபியன் கப்பல்தானாமே?
– வாசகர், வைத்திக்குப்பம்

ஆமாம், கார்டிலியா கம்பெனியின் அந்த ‘எம்ப்ரஸ்’ கப்பல் முன்பு ராயல் கரீபியனுடையது. ஆனால் கைமாறிய கப்பலோடு பழைய கம்பெனியின் அட்வான்ஸோ, உறுப்பினர் புள்ளியோ வராது. இந்தக் கட்டுரையில் சொன்னவை அமெரிக்கக் கம்பெனிகளின் நடைமுறை. கார்டிலியாவில் ஏதாவது சலுகை என்று சொன்னால், ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

ஏஜென்ட் பில்லில் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று தனியாகப் பிடித்திருக்கிறார். கப்பலில் கட்டும் அட்வான்ஸுக்கும் பிடிப்பார்களா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பொதியாக வாங்கினால் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, பணம் கட்டும் நாளின் விகிதமே பொருந்தும். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவுக்கு டிசிஎஸ் பிடிப்பதை மத்திய நிதி அமைச்சகம் 2023 ஜூனில் தள்ளிவைத்தது. அதனால் கப்பலில் கார்டு தேய்த்துக் கட்டும் அட்வான்ஸுக்கு இல்லை. ஏஜென்ட் பிடித்தது வீணான பணம் அல்ல. உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் வருமான வரித் துறையில் உங்கள் பெயரில் உள்ள வரிப்பிடித்த விவரத்தில் தெரியும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பில்லில் இருப்பது கணவரின் பான் எண்ணா, உங்களுடையதா என்று இப்போதே பாருங்கள். யாருடைய எண்ணோ அவர்தான் கேட்க முடியும்.