மழைக்கால மலைநடை: நாலு நண்பர்கள், ஒரு நாய் (கேள்வி பதில்)

இருபது வருடமாக நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பொத்தைகளில், அதாவது சிறு பாறைக் குன்றுகளில், நாயோடு ஏறி இறங்குகிறேன். கார்த்திகை வந்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். சரி, இன்று மொத்தமாகக் கேளுங்கள். கேட்பவரின் ஊர்ப்பெயர் கேள்விக்கு முன்னால் இருக்கும். மருந்து மட்டும் கேட்காதீர்கள், நான் கால்நடை மருத்துவர் இல்லை.

தக்கலை: அண்ணே, டிசம்பர் குளிரில் நாங்கள் நாலு பேரும் எங்கள் நாட்டுநாயும் காளிகேசம் பக்கம் காட்டுக்குள் நடக்கலாம் என்று இருக்கிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: முதலில் இடத்தை மாற்றுங்கள். நம் வடக்குக் காடுகளில் பெரும்பகுதி 2008இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் நாயைக் கொண்டுபோகாதீர்கள். யானையைப் பார்த்தால் நாய் குரைக்கும், யானை துரத்தும். நாய் எங்கே ஓடும்? நேராக உங்கள் காலடிக்கு. அப்புறம் நோய். நம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் தொற்றும்.

நாயோடு என்றால் பொற்றையடியிலிருந்து மருந்துவாழ் மலை ஏறுங்கள். ஊர்ப்பெயரிலேயே பொற்றை இருக்கிறது, நாம் பேச்சில் பொத்தை என்போமே, அதுதான். மேலே போனால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் குளமும் வயலும். மழை கழுவிய காலையில் பார்த்தால் இறங்க மனம் வராது. ஆனால் இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு மத்தியானத்துக்கு மேல் இடியோடு வருகிற பழக்கம் உண்டு. ஆறு மணிக்கு ஏறி பதினொன்றுக்குள் கீழே வந்துவிடுங்கள். இடிச்சத்தம் கேட்டால் உச்சி பத்தடியில் இருந்தாலும் திரும்புங்கள். வழியில் கோயில்கள் இருக்கின்றன, குரங்கு வரும், சாமி கும்பிட ஆட்கள் வருவார்கள். அதனால் கயிறு, கயிறு, கயிறு. கழுத்துப்பட்டையில் கட்டாமல் நெஞ்சைச் சுற்றிப் போடும் வாரில் கட்டுங்கள், வழுக்கினால் கழுத்து இறுகாது.

குளிர் என்று எழுதியிருக்கிறீர்கள். நாகர்கோவில்காரனுக்கு நனைவதுதான் குளிர்காலம். ஆளுக்கொரு மாற்றுச்சட்டை, நாய்க்கு ஒரு பழைய துவர்த்து (துண்டு), எல்லோருக்கும் சுக்குக்காப்பி. போதும்.

இரணியல்: சிதறால் மலைக்கு நாயைக் கூட்டிப் போகலாமா?

பதில்: வேண்டாம். அது சமணச் சிற்பங்கள் உள்ள, தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். நாயை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் போய்ப் பாருங்கள்.

குலசேகரம்: ரப்பர் தோட்டத்து வழியில் அட்டை கடிக்கிறது. உப்பு போடலாமா?

பதில்: போட்டால் விழும். ஆனால் விழும்போது குடித்ததைக் காயத்திலேயே கக்கும், புண்ணாகும். தீக்குச்சியும் அப்படித்தான். ஒடுங்கிய முனைதான் வாய். அங்கே தோலை ஒட்டி நகத்தால் தள்ளுங்கள், அப்புறம் மறுமுனையை. ரத்தம் சீக்கிரம் உறையாது, பயப்படாமல் அழுத்திப் பிடியுங்கள். நாய்க்கு விரலிடுக்கு, காது, மூக்கு பாருங்கள். ஓடையில் குடித்த நாய் விடாமல் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் வந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். நீங்கள் நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள்.

குழித்துறை: குடையா, மழைக்கோட்டா?

பதில்: கோட்டு. பாறையில் இரண்டு கையும் வேண்டும்.

ஆரல்வாய்மொழி: அண்ணாச்சி சொல்வது சரி. எங்கள் ஊர்க் காற்றில் குடை பிடித்தால் ஆளே பறப்பான்.

பதில்: நம் கட்சிக்கு வந்ததற்கு நன்றி, ஆனால் காரணம் தப்பு. உங்கள் கணவாயில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் பெருங்காற்று ஆனி, ஆடியில். கார்த்திகையில் அந்த வேகம் இல்லை.

மார்த்தாண்டம்: கோட்டு போட்டு ஏறினால் வெளியே மழை, உள்ளே வியர்வை. இரண்டிலும் நனைவதற்குக் கோட்டு எதற்கு? குடைதான்.

பதில்: வியர்வை உண்மைதான். கைப்பக்கம் திறந்த, தலைவழியே போடும் கோட்டு வாங்குங்கள்.

கொட்டாரம்: எங்கள் தாத்தா தலையில் கவிழ்க்கும் ஓலைக்குடை வைத்திருந்தார். நாற்று நடும்போது இரண்டு கையும் சும்மா இருக்கும், முதுகும் நனையாது.

பதில்: இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. முடைந்து தர ஆள் இருந்தால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள்.

பூதப்பாண்டி: தின்ன என்ன கொண்டுபோகலாம்? எங்கள் நாய்க்கு ரசவடை பிடிக்கும்.

பதில்: உங்களுக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகுச் சம்மந்தியும் (துவையல்). நாய்க்கு வடை கூடாது. வெங்காயம் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

குளச்சல்: காலில் சின்ன வெட்டு. தேங்கிய தண்ணீரில் நடக்கலாமா?

பதில்: கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி எலி, மாடு, நாய் மூத்திரத்தில் வந்து தண்ணீரில் கலக்கும், வெட்டு வழியே ஏறும். போய்வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால் மருத்துவரிடம் தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு, வருடந்தோறும் போடுங்கள்.

திருவட்டாறு: அட்டைக்கு உப்பு போடலாமா?

பதில்: மேலே குலசேகரத்துக்காரருக்குச் சொன்னேன்.

தோவாளை: எங்கள் நாய் சாது. கயிறு தேவையா?

பதில்: கயிறு. சாது நாய்க்கும் கயிறு.

அருமனை: நண்பர்களோடு ஓடையில் குளிக்கலாம்தானே? மழை விட்டுவிடும்.

பதில்: உங்கள் தலைக்கு மேல் விட்டிருக்கும், மலைக்கு மேல் விட்டதா? தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள். வீடியோ பிறகு.

மேல்புறம்: அட்டை...

பதில்: மேலே.

மார்த்தாண்டம்: குடைமேல் உங்களுக்கு அப்படி என்ன கோபம்? காற்றும் இல்லை என்கிறீர்கள்.

பதில்: சரி, சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருடம் முன்பு ஒரு மார்கழித் தூறலில் பாசி படிந்த பாறையில் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் வந்த நண்பன் பட்டனை அமுக்கும் குடையை டப்பென்று விரித்தான். என் நாய் கறுப்பன் இடி விழுந்தது என்று நினைத்து ஒரே பாய்ச்சல். கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தேன். இரண்டு ஆள் நீளத்துக்குப் பாறையில் சறுக்கினேன், நடுவிரல் முறிந்தது. கறுப்பன் கீழே நின்று என் முகத்தை நக்கினான். குடைக்காரன் நனையாமல் இறங்கி வந்தான்.

ஆரல்வாய்மொழி: அப்போது கயிற்றை மணிக்கட்டில் சுற்றியதுதானே தப்பு?

பதில்: ஆமாம். உள்ளங்கையில் பிடியுங்கள், சுற்றாதீர்கள். இவ்வளவு நேரம் இதைச் சொல்லாமல் குடையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தக்கலை: அண்ணே, மருந்துவாழ் மலைதான் முடிவு. மூன்று பேர் கோட்டு வாங்கிவிட்டோம். ஒருத்தன் மட்டும் குடையோடுதான் வருவானாம்.

பதில்: நாயையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முதல் பாறை வருவதற்குள் குடையை மடக்கிவிடுவார்.