அம்முவுக்குப் பசியில்லையா, மெல்ல முடியவில்லையா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பெண் கினிப்பன்றிகள் இருக்கின்றன. மூத்தவளான அம்முவுக்கு மூன்றரை வயது. ஒன்றரை மாதமாக அவளிடம் ஏதோ சரியில்லை; என்னவென்றுதான் சொல்லத் தெரியவில்லை. சில நாள் நன்றாகச் சாப்பிடுகிறாள், சில நாள் தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறாள். இடையிடையே கீச்சென்று கத்துகிறாள். 940 கிராம் இருந்தவள் இப்போது 862 கிராம். இரண்டு மருத்துவர்களிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் குறையில்லை, முன்பற்களும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். பரிசோதனை மேசையில் அவளும் சுறுசுறுப்பாகவே இருந்தாள். வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் வீணாகக் கவலைப்படுகிறோமா? இளையவளிடமிருந்து இவளைப் பிரித்து வைக்க வேண்டுமா?

மருத்துவர் பதில்: உங்கள் கவலை வீண் அல்ல. 940 கிராமில் 78 கிராம் குறைவது எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் எந்த முயற்சியும் இல்லாமல் ஒன்றரை மாதத்தில் ஐந்து கிலோ இளைத்தால் வீட்டில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். மேசையில் அவள் சுறுசுறுப்பாக இருந்ததை உடல்நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கினிப்பன்றி பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. பலவீனத்தை வெளியே காட்டினால் உயிர் போகும் என்ற எச்சரிக்கை அதன் இயல்பிலேயே ஊறியிருப்பதால், புதிய இடத்தில், புதிய கைகளில், தன் நோயை முழுத்திறனோடு மறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு மறைக்கப்படும் அந்தச் செய்தி, நாள் முழுவதும் கூடவே இருக்கும் உங்களுக்குத்தான் தெரியவரும். ஆகவே இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை உங்களுடையது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அவள் தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுப் போகிறாள் என்பதுதான். பசியில்லாத கினிப்பன்றி பெரும்பாலும் தட்டருகே வராது. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, ரோமம் சிலிர்த்தபடி உட்கார்ந்திருக்கும். ஆவலோடு வந்து, வாயில் எடுத்து, பிறகு விட்டுவிட்டுப் போவது வேறு கதை. அங்கே பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் வேலை. அதற்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை, அரை மணி நேரப் பொறுமை போதும்.

இன்று மாலை, இளையவளைச் சற்று நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, அம்முவின் முன்னால் மூன்று பொருள்களை வையுங்கள்: ஒரு கைப்பிடி உலர்புல், நீளவாக்கில் நறுக்கிய குடைமிளகாய்த் துண்டு, கொஞ்சம் பெல்லட் தீவனம். பிறகு தரையோடு தரையாக அமர்ந்து அவள் வாயை மட்டும் பாருங்கள். நலமாக உள்ள கினிப்பன்றி ஒரு புல்லிழையின் முனையைக் கவ்வினால், அது தையல் இயந்திரத்தில் போகும் நூலைப் போல ஒரே சீராக உள்ளே போய் மறையும். பற்களில் தொல்லை இருந்தால் இழை பாதியில் நிற்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஏதோ தொண்டையில் சிக்கியதைப் போல இரண்டு மூன்று முறை தாடையை அசைத்து, இழையைக் கீழே விட்டுவிடும். கீழே விழுந்த அந்த இழையை எடுத்துப் பாருங்கள். நுனி நசுங்கி, எச்சிலில் நனைந்திருந்தால் அதுவே ஒரு முக்கியத் தகவல். மோவாயின் அடியில் விரலை வைத்துத் தடவி அங்கே ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடினமான புல்லை விட்டுவிட்டு மென்மையானதை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்கிறாளா என்பதையும் கவனியுங்கள்.

முன்பற்கள் நன்றாக உள்ளன என்ற செய்தி எனக்குப் பெரிய ஆறுதல் தரவில்லை. கினிப்பன்றியின் வாயில் மொத்தம் 20 பற்கள். நான்கு மட்டுமே முன்பற்கள், மீதிப் பதினாறும் உள்ளே கன்னப் பகுதியில் இருக்கின்றன. இருபதுமே ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை மணிக்கணக்காக அரைப்பதால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. தேய்மானம் குறையும்போது கீழ்க் கன்னப் பற்கள் உள்நோக்கி, நாக்கின் மேல் சாய்ந்து வளரும். முற்றிய நிலையில் இரு பக்கத்துப் பற்களும் பாலம் போலக் கூடி நாக்கையே அமுக்கிவிடும். பசியோடு வந்து முகர்ந்துவிட்டுப் போவதன் பொருள் பல வேளைகளில் இதுதான். வாய் குறுகலானது, கன்னச் சதை உள்ளே மடிந்து பார்வையை மறைக்கும். ஆகையால் விழித்திருக்கும் விலங்கின் வாயைத் திறந்து பார்ப்பதில் பின்பற்களின் நிலை பல நேரம் தப்பிவிடும். லேசான மயக்கத்தில் வாயைத் திறந்து பார்ப்பதும், பல்வேர்களைக் காண மண்டையோட்டை எக்ஸ்ரே அல்லது சிடி ஸ்கேன் எடுப்பதுமே நம்பகமான வழி. அடுத்த முறை போகும்போது இதைப் பெயர் சொல்லியே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. (உலர்புல் என்று நான் சொல்வது வைக்கோல் அல்ல. கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் தாளில் சத்து குறைவு. தேவை, திமோத்தி போன்ற புல்லைப் பசுமையாக அறுத்து உலர்த்தியது.)

அடுத்தது கீச்சென்ற கத்தல். எப்போது கத்துகிறாள் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்த 'எப்போது' என்பதில்தான் விடை இருக்கிறது. இதில் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கினிப்பன்றியின் கத்தலை வாயுத் தொல்லை என்று முடிவுகட்டி இரண்டு வாரம் மருந்து கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது அந்த வீட்டுப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். 'காலை 7.10: வலது மூலையில் கூனி நின்றது, கத்தியது, அந்த இடத்தில் துணி நனைந்திருந்தது.' இதே போன்ற நான்கு வரிகள், வெவ்வேறு நாட்களில். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் சிறுநீர்ப்பையில் பட்டாணி அளவுக் கல். கினிப்பன்றிகளுக்கு வரும் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெளிவாகத் தெரியும். ஆனால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே. எனக்குத் தோன்றவில்லை, அந்த நோட்டுதான் தோன்றவைத்தது.

ஆகவே அம்மு சிறுநீர் கழிக்கும்போது கத்துகிறாளா, புழுக்கை போடும்போதா, தூக்கும்போதா, மெல்லும்போதா என்று பாருங்கள். கூண்டின் ஒரு பகுதியில் வெள்ளைத் துணி விரித்துவைத்தால் சிறுநீரின் நிறம் தெரியும். கினிப்பன்றியின் சிறுநீர் இயல்பிலேயே சற்றுக் கலங்கலாக, காய்ந்தால் வெண்பொடி படிவதாக இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சொரசொரவென்று மணல் போலத் தட்டுப்பட்டாலோ, செந்நிறம் தெரிந்தாலோ அந்தத் துணியைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பெல்லாம் ரத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தூக்கும்போது கத்துகிறாள் என்றால் மூட்டு வலியையும், இவள் பெண் என்பதால் சினைப்பைக் கட்டிகளையும் நினைக்க வேண்டும். ஒன்றரை வயதைத் தாண்டிய பெண் கினிப்பன்றிகளில் நீர் நிறைந்த சினைப்பைக் கட்டிகள் மிகவும் சாதாரணம். விலாவின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுவது அதன் அடையாளங்களில் ஒன்று, ஆனால் எல்லோரிடமும் அது தோன்றுவதில்லை. வயிற்று ஸ்கேனில் அவை தெரியும். கட்டி நீர் சேர்ந்து பெருக்கும்போது தராசில் எடை குறையாமல் நிற்கும். அதே நேரம் முதுகெலும்பின் முடிச்சுகள் விரலில் தட்டுப்படத் தொடங்கும். எடையைக் குறிக்கும் நாளில் முதுகையும் தடவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எடைக்கு, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். தினமும் காலையில் தீவனம் வைப்பதற்கு முன், அதே கிண்ணத்தில், அதே நேரத்தில் நிறுத்துங்கள். குடலும் சிறுநீர்ப்பையும் நிறைவதையும் காலியாவதையும் பொறுத்து ஒரே நாளில் இருபது முப்பது கிராம் ஏறி இறங்கும். அதனால் ஒரு நாள் எண்ணைப் பார்த்து மகிழவோ அஞ்சவோ வேண்டாம், வாரச் சராசரியை வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். குறிப்பு எழுதும்போது கண்டதை எழுதுங்கள், கருதியதை எழுத வேண்டாம். 'இன்று சோர்வாக இருந்தாள்' என்ற வரியை வைத்து நான் எதுவும் செய்ய முடியாது. 'தீவனப் பை சரசரத்தபோது எழுந்து வரவில்லை, பதினைந்து நிமிடம் கழித்து வந்தாள்' என்றால் செய்ய முடியும். புழுக்கைகள் ஒரே அளவில் நீள்உருண்டையாக இருக்கின்றனவா, சிறுத்து உலர்ந்திருக்கின்றனவா என்பதையும் குறியுங்கள். சிறுத்த புழுக்கை, உள்ளே போனது குறைவு என்பதற்கு ஓரிரு நாள் தாமதமாக வரும் சாட்சி. கைப்பேசியில் அவள் தின்னும்போது எடுத்த ஒரு நிமிடக் காணொளி, என்னைப் போன்றவர்களுக்கு நான்கு பக்கக் கடிதத்தைவிடப் பயன்படும். பத்து நாள் இப்படிச் செய்தால் போதும். அதற்குள் எடை 850-க்குக் கீழே இறங்கினால் பத்து நாள் காத்திருக்க வேண்டாம்.

ஒருவேளை வாயில் குறையில்லை, வயிறாரத் தின்கிறாள், ஆனாலும் இளைக்கிறாள் என்று உங்கள் குறிப்பு காட்டினால், தைராய்டு மிகையாகச் சுரப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நடுவயதைத் தாண்டிய கினிப்பன்றிகளில் இது வருவதுண்டு. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு சேர்ந்திருக்காது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். வழக்கமான ரத்த முடிவு சரியாக இருப்பது பல்லையும் கல்லையும்கூட விலக்கிவிடாது என்பதை நினைவில் வையுங்கள்.

வைட்டமின் சி தேவை என்பது சரி. மனிதர்களைப் போலவே கினிப்பன்றிகளாலும் அதைத் தம் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், நோயுற்றிருந்தால் இன்னும் கூடுதல். தண்ணீரில் கலப்பதைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சத்திலும் உலோகக் குழாயிலும் அது விரைவில் சிதைந்துவிடும். சுவை மாறினால் அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வாள், அது கல்லுக்கு வழிவிடும். அளவைத் துல்லியமாகக் கணக்கிட்டு நேரடியாக வாயில் கொடுங்கள். பெல்லட் தீவனத்தில் சேர்த்திருக்கும் வைட்டமினும் நாளாக ஆகக் குறைந்துபோகும் என்பதால், தயாரித்து மூன்று மாதம் கடந்த பையை அதற்காக நம்ப வேண்டாம்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை மட்டும் தொடவே வேண்டாம். நாய்க்கும் மனிதருக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலினும் பென்சிலின் வகைகளும், கிளிண்டமைசினும், கினிப்பன்றியின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துச் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியவை. அரை நாளுக்கு மேல் எதையும் தின்னாமல் இருந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சிறுநீர் கழிக்க முக்கியும் வராவிட்டால், வயிறு மேளம் போல் இறுகினால், நோட்டையும் தராசையும் மறந்துவிட்டு அன்றே ஓடுங்கள். வயிறு இறுகியிருக்கும்போது ஊசிக்குழாயில் கூழ் புகட்டுவதும் கூடாது. மற்ற நேரங்களில் மருத்துவர் சொன்ன அளவில் அதைச் செய்யலாம்.

பிரித்து வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழுதாகப் பிரிக்க வேண்டாம். கூட்டமாக வாழும் பிராணி, துணை மறைந்தால் அந்த ஏக்கத்திலேயே தின்பதைக் குறைத்துக்கொள்ளும், பிறகு எது நோய், எது ஏக்கம் என்று நமக்கே விளங்காது. ஆனால் இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றால் யார் எவ்வளவு தின்றார்கள் என்பதும், எந்தப் புழுக்கை யாருடையது என்பதும் தெரியாது. கூண்டின் நடுவே ஒரு கம்பி வலைத் தடுப்பை வைத்து, காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டும், ஒருவரை ஒருவர் பார்க்கவும் மூக்கை ஒட்டி முகரவும் முடிகிறபடி தனித்தனியாகத் தீவனம் கொடுங்கள். இளையவளையும் வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள்.